பசுமைப் பத்திரம்: பச்சை எங்கே ஒட்டியிருக்கிறது?

‘பசுமைப் பத்திரம்’ என்ற சொல் செய்தியில் வரும்போதெல்லாம் இரண்டு தவறான எண்ணங்களும் கூடவே வந்துவிடுகின்றன. பத்திரத்தில் போட்ட பணம் நேராக ஒரு காற்றாலைக்கோ சூரிய மின் நிலையத்துக்கோ போகிறது, அது ஓடினால்தான் முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும் என்பது ஒன்று. ‘பசுமை’ என்று சொல்லி வாங்கிய பணத்தை வேறெதற்காவது செலவழித்தால் அது ஒப்பந்த மீறல், முதலீட்டாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது இன்னொன்று. சந்தையில் இருக்கும் பசுமைப் பத்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இவை இரண்டுமே பொருந்தாது.

அப்படியானால் அந்தப் பச்சை எங்கேதான் இருக்கிறது? கடன் ஒப்பந்தத்தில் இருப்பதைவிட, கடன் வாங்கியவர் வெளியிடும் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

## கடன் பத்திரம்: தேவையான அளவுக்கு மட்டும்

கடன் பத்திரம் என்பது துண்டு துண்டாக விற்கப்படும் கடன். அதை வெளியிடும் அரசு, வங்கி அல்லது நிறுவனம்தான் வெளியீட்டாளர். பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகை முகமதிப்பு. ஆண்டுதோறும் தரும் வட்டிக்குக் கூப்பன் என்று பெயர். முதலைத் திருப்பித் தரும் நாள் முதிர்வு நாள்.

பத்திரம் வெளியான பிறகு கைமாறிக்கொண்டே இருக்கும், விலையும் ஏறி இறங்கும். முகமதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் உண்மையான வருவாய் கூப்பனைவிடக் குறைவு. இந்த உண்மையான வருவாயைச் சந்தையில் ‘ஈல்டு’ என்பார்கள். விலை ஏறினால் ஈல்டு இறங்கும். ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு ‘அடிப்படைப் புள்ளி’. கீழே ‘புள்ளி’ என்று வருவதெல்லாம் இதுதான்.

## பசுமை என்ற சொல் எதைக் குறிக்கிறது

மேலே சொன்ன எதிலும் மாற்றம் இல்லை. சாதாரணப் பத்திரத்துக்குள்ள கூப்பன், முதிர்வு, கடன் தர மதிப்பீடு எல்லாமே பசுமைப் பத்திரத்துக்கும் உண்டு. நிறுவனம் திவாலானால், சாதாரணப் பத்திரம் வைத்திருப்பவர் நிற்கும் அதே வரிசையில்தான் பசுமைப் பத்திரம் வைத்திருப்பவரும் நிற்பார். கூடுதலாக இருப்பது ஒன்றே ஒன்று: திரட்டிய பணத்தின் பயன்பாடு குறித்த ஓர் அறிவிப்பு.

அந்த அறிவிப்பின் வாசகத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். பெரும்பாலான ஆவணங்களில் “திரட்டிய நிகரத் தொகையை (வெளியீட்டுச் செலவு போக மிஞ்சியதை) செலவிடுவோம்” என்று இருக்காது. “நிகரத் தொகைக்குச் *சமமான* ஒரு தொகையைத் தகுதியுள்ள திட்டங்களுக்கு ஒதுக்குவோம்” என்றுதான் இருக்கும். ‘சமமான’ என்ற அந்த ஒரு சொல்லில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. பணம் நிறுவனத்தின் பொதுக் கருவூலத்துக்குள் போய் மற்றப் பணத்தோடு கலந்துவிடுகிறது. பிறகு அதே அளவு தொகை பசுமைத் திட்டங்களின் பேரில் ஏட்டில் எழுதப்படுகிறது. வட்டியும் முதலும் திரும்புவது நிறுவனத்தின் மொத்த வருமானத்திலிருந்து. அந்தக் காற்றாலை ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராவிட்டாலும் கூப்பன் வந்துகொண்டுதான் இருக்கும்.

திட்டத்தோடு கடனும் உண்மையாகவே கட்டிப்போடப்பட்ட வகைகளும் இருக்கின்றன. ஒரே திட்டத்தின் வருவாயை மட்டும் நம்பி வெளியாகும் திட்டப் பத்திரம், குறிப்பிட்ட கட்டண வருவாயை அடகு வைத்து வெளியாகும் வருவாய்ப் பத்திரம், சூரியத் தகட்டுக் கடன்கள் போன்ற பல சிறு கடன்களை ஒன்றாகக் கட்டி விற்கும் பிணையப் பத்திரம் ஆகியவை அவை. இவற்றில் திட்டம் படுத்தால் முதலீட்டாளரும் படுப்பார். ஆனால் ‘பசுமைப் பத்திரம்’ என்று செய்தியில் வருவது பெரும்பாலும் முதலில் சொன்ன பொது வகைதான்.

## சுருக்கமாக வரலாறு

2007இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி ‘பருவநிலை விழிப்புணர்வுப் பத்திரம்’ என்ற பெயரில் 60 கோடி யூரோ திரட்டியது. அதன் வருவாய் ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டிருந்ததால் வடிவம் சற்று விசித்திரமானது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 2008 நவம்பரில் உலக வங்கி வெளியிட்ட பத்திரத்தில் உருவானது. ஸ்வீடனின் ஓய்வூதிய நிதிகள் கேட்டதன் பேரில், எஸ்.இ.பி. வங்கியோடு சேர்ந்து அது வடிவமைக்கப்பட்டது. எந்தத் திட்டங்கள் தகுதியுள்ளவை என்ற வரையறையைச் சிசரோ என்ற நார்வே பருவநிலை ஆய்வு மையம் பார்த்துக் கருத்துச் சொன்னது. வெளியார் ஒருவர் படித்துப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

2013இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரமும் வசக்ரோனன் என்ற கட்டட நிறுவனமும் இறங்கின. 2014 ஜனவரியில் ‘பசுமைப் பத்திரக் கோட்பாடுகள்’ வெளியாயின. சர்வதேச மூலதனச் சந்தைச் சங்கம் இன்றுவரை அவற்றைப் பராமரிக்கிறது. அரசுகளில் முதலில் வந்தது போலந்து, 2016 டிசம்பரில், 75 கோடி யூரோ. அடுத்த மாதமே பிரான்ஸ் 700 கோடி யூரோவுக்கு, 2039இல் முதிரும் பத்திரத்தோடு வந்தது. 2021 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் 1,200 கோடி யூரோ கேட்டபோது, வாங்க வந்த விண்ணப்பங்கள் 13,500 கோடியைத் தாண்டின.

## நான்கு கூறுகள்

மேலே சொன்ன கோட்பாடுகள் சட்டம் அல்ல, விருப்பப்பட்டவர் பின்பற்றலாம். ஆனாலும் உலகில் எழுதப்படும் ஏறக்குறைய எல்லாப் பசுமைப் பத்திர ஆவணங்களும் இந்த நான்கின் மேல்தான் நிற்கின்றன.

1. பணத்தின் பயன்பாடு. எந்த வகைத் திட்டங்கள் தகுதி பெறும் என்ற பட்டியல். புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஆற்றல் சிக்கனம், மாசுத் தடுப்பு, தூய போக்குவரத்து, நீர் மேலாண்மை, பல்லுயிர்ப் பாதுகாப்பு, பருவநிலை மாற்றத்துக்குத் தாக்குப்பிடித்தல், பசுமைக் கட்டடங்கள் போன்றவை. பட்டியல் அகலமாக இருப்பது நல்ல அறிகுறி அல்ல. ‘ஆற்றல் சிக்கனம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிலக்கரிக் கொதிகலனைச் சீரமைப்பதும் அதற்குள் வந்துவிடும். ‘புதைபடிவ எரிபொருளால் இயங்கும் கருவிகள் தவிர’ என்று விலக்குப் பட்டியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. தேர்வு முறை. திட்டங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கருவூலப் பிரிவு மட்டுமா, சுற்றுச்சூழல் அறிந்தவர்களும் உட்கார்கிறார்களா? அவர்கள் ஒரு திட்டத்தை வேண்டாம் என்று தள்ள முடியுமா?

3. பணத்தை நிர்வகித்தல். வந்த பணத்தைத் தனிக் கணக்கிலோ துணைப் பேரேட்டிலோ எழுதிப் பின்தொடர வேண்டும். நடைமுறையில் இரண்டு முறைகள் உண்டு. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியாகத் திட்டங்களைப் பொருத்துவது ஒன்று. தகுதியுள்ள சொத்துகளையெல்லாம் ஒரு தொகுப்பாக்கி, நிலுவையிலுள்ள பசுமைப் பத்திரங்களின் மொத்தத் தொகையைவிட அது எப்போதும் குறையாமல் வைத்திருப்பது மற்றொன்று. வங்கிகள் பெரும்பாலும் இரண்டாவதையே விரும்புகின்றன. அதில் கவனிக்க வேண்டியது, தொகுப்பிலிருந்து ஒரு சொத்து விற்கப்பட்டால் அல்லது தகுதி இழந்தால் அதன் இடத்தில் எவ்வளவு நாளில் வேறொன்றை வைப்பார்கள் என்பது. இன்னும் ஒதுக்காத பணத்தை என்ன செய்வார்கள் என்பதும் இங்கேதான் எழுதியிருக்கும். வழக்கமாக வங்கி வைப்பு, குறுகியகால அரசுப் பத்திரம். சிலர் ‘பழைய கடனை அடைக்கவும் பயன்படுத்தலாம்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கடன் எதற்காக வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

4. அறிக்கை. பணம் முழுவதும் ஒதுக்கப்படும்வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒதுக்கீட்டு அறிக்கை. கூடவே, அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பயன் என்று சொல்லும் பயன் அறிக்கை.

இந்த நான்கையும் எழுதிவைத்திருக்கும் ஆவணம்தான் ‘கட்டமைப்பு ஆவணம்’. பெரும்பாலும் சில பத்துப் பக்கங்கள்தான் இருக்கும், வெளியீட்டாளரின் இணையதளத்தில் கிடைக்கும். பத்திரத்தைப் பற்றிய பத்திரிகைக் குறிப்பைவிட இதைப் படிப்பது பல மடங்கு பயன் தரும்.

## சந்தைக்கு வரும் வழி

1. கையிலுள்ள, வரவிருக்கும் திட்டங்களைக் கணக்கெடுப்பார்கள். பத்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது இதுதான். தகுதியுள்ள செலவு 30 கோடி யூரோதான் என்றால் 50 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டுவிட்டுப் பிறகு திட்டம் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒதுக்கீடு இழுத்தடிப்பதற்கு முதல் காரணம் இந்தப் படியில் செய்யும் அவசரம்.
2. கட்டமைப்பு ஆவணம் எழுதப்படும்.
3. வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் படித்து ‘இரண்டாம் தரப்புக் கருத்து’ தருவார்.
4. சட்ட ஆவணங்கள் தயாராகும். பணப் பயன்பாட்டுப் பத்தியும், அதைவிட முக்கியமாக, இடர் எச்சரிக்கைப் பத்தியும் இதில் இருக்கும்.
5. முதலீட்டாளர்களைச் சந்தித்து, விண்ணப்பங்களைத் திரட்டி, அல்லது ஏலம் விட்டு, விலை நிர்ணயிப்பார்கள்.
6. ஒதுக்கீடு தொடங்கும். 24 முதல் 36 மாதங்களுக்குள் முடிப்பது என்று பலர் வரையறுத்துக்கொள்கிறார்கள்.
7. ஆண்டறிக்கைகள் வரும். ஒதுக்கீட்டுக் கணக்கைத் தணிக்கையாளர் சரிபார்ப்பதும் உண்டு.

நான்காவது படியில் சொன்ன இடர் எச்சரிக்கைப் பத்தியில் வழக்கமாக என்ன இருக்கும்? பணத்தைச் சொன்னபடி ஒதுக்காமல் போனாலும், அறிக்கை வெளியிடாமல் போனாலும், வெளி மதிப்பீட்டாளர் தன் கருத்தைத் திரும்பப் பெற்றாலும், அவை எதுவும் ‘கடன் தவறுகை’ ஆகாது என்று இருக்கும். முதலீட்டாளர் முதலை முன்கூட்டியே கேட்க முடியாது, கூப்பனும் ஏறாது. அட்டையில் பச்சை வண்ணத்தில் அச்சான வாக்குறுதியைச் சட்டப் பக்கங்கள் இப்படி அமைதியாகக் கைகழுவிவிடுகின்றன.

தண்டனையே இல்லையா என்றால், உண்டு, வேறு வடிவில். பசுமைப் பத்திரம் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்ற விதியுள்ள நிதிகள் விற்றுவிட்டு வெளியேறும். பசுமைப் பத்திரங்களைத் தொகுத்துக் காட்டும் சந்தைக் குறியீடுகள் அந்தப் பத்திரத்தை நீக்கும். அடுத்த முறை சந்தைக்கு வரும்போது பழைய அறிக்கையைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். அடிக்கடி கடன் வாங்கும் நிறுவனத்துக்கு இது உறைக்கும். ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போகும் நிறுவனத்துக்கு அவ்வளவாக உறைக்காது.

## கிரீனியம்: வட்டி எவ்வளவு குறைகிறது

பசுமைப் பத்திரத்துக்கு முதலீட்டாளர்கள் கொஞ்சம் குறைந்த ஈல்டை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது ஒரு பரவலான கூற்று. அந்த வித்தியாசத்துக்குத்தான் ‘கிரீனியம்’ என்று பெயர். இதை அளப்பது எளிதல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு பத்திரங்கள் என்றாலும் முதிர்வு, கூப்பன், அளவு எல்லாம் வேறுபடுவதால் வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜெர்மனி இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தது. 2020 செப்டம்பரில் 650 கோடி யூரோவுக்கு அது வெளியிட்ட முதல் பசுமைப் பத்திரம், ஏற்கெனவே சந்தையிலிருந்த சாதாரணப் பத்திரம் ஒன்றின் இரட்டை. இரண்டுக்கும் முதிர்வு நாள் 2030 ஆகஸ்ட் 15, கூப்பன் பூஜ்யம். வேறுபாடு ஒன்றே ஒன்று, பசுமை முத்திரை. எனவே இரண்டின் ஈல்டையும் கழித்தால் வருவதே கிரீனியம். வெளியான சமயத்தில் அது ஏறக்குறைய ஒரு புள்ளிதான் இருந்தது.

ஒரு கணக்கு. 100 கோடி யூரோ, 10 ஆண்டு, 5 புள்ளி கிரீனியம் என்று கொள்வோம்.

- ஆண்டு மிச்சம்: 100 கோடி × 0.0005 = 5 லட்சம் யூரோ
- 10 ஆண்டில்: 50 லட்சம் யூரோ

இதிலிருந்து வெளி மதிப்பீட்டுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், ஆண்டுதோறும் தரவு திரட்டி அறிக்கை எழுதும் ஆட்களின் சம்பளம், தணிக்கை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். பெரிய வெளியீட்டாளருக்கு மிஞ்சும். 5 கோடி யூரோ மட்டும் திரட்டும் சிறிய நகராட்சிக்கு ஆண்டு மிச்சம் 25,000 யூரோதான், செலவுகளோ பெரும்பகுதி அளவைப் பொறுத்துக் குறையாதவை. சிறியவர்கள் ஏன் வங்கி மூலமாகவோ கூட்டு வெளியீட்டு முகமை மூலமாகவோ வருகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

கிரீனியம் வருவது தேவை மிகுதியால். பசுமைக்கென்றே ஒதுக்கிய பணம் நிறைய, பத்திரம் குறைவு, வாங்கியவர் முதிர்வுவரை வைத்துக்கொள்கிறார். வெளியீடுகள் பெருகும்போது அது சுருங்குகிறது. வாங்கியவர்கள் விற்காமல் பூட்டிவைப்பதால் இன்னொரு பக்கம் பத்திரம் கைமாறுவது குறைந்து, எளிதில் விற்க முடியாத பத்திரத்துக்குச் சந்தை கூடுதல் ஈல்டும் கேட்கக்கூடும். ஆக, ‘பசுமைக் கடன் மலிவுக் கடன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

## டன் கணக்கு எப்படி வருகிறது

“இந்தப் பத்திரம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கார்பனைத் தவிர்த்தது” என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இருப்பது நான்கு எண்களின் பெருக்கல். 100 மெகாவாட் சூரிய மின் நிலையம், ஆண்டில் சராசரியாக 20 சதவீதத் திறனில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

- உற்பத்தி: 100 × 8,760 மணி × 0.20 = 1,75,200 மெகாவாட் மணி
- மின்கட்டமைப்பின் உமிழ்வுக் காரணி, அதாவது ஒரு மெகாவாட் மணிக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு: 0.7 டன் என்று கொண்டால்
- தவிர்க்கப்பட்டது: 1,75,200 × 0.7 = 1,22,640 டன்

இந்தக் கணக்கு பிசகும் இடங்கள்:

உமிழ்வுக் காரணி. 0.7க்குப் பதில் 0.5 போட்டால் 87,600 டன் ஆகிவிடும். நிலையம் மாறவில்லை, எண் மட்டும் மாறியது. பழைய ஆண்டின் காரணியை வைத்துக்கொண்டிருப்பது பொதுவான தவறு. மின்கட்டமைப்பு தூய்மையாக ஆக, காரணி குறைந்துகொண்டே வர வேண்டும். எந்த ஆண்டுக் காரணி, யார் வெளியிட்டது என்று அறிக்கை சொல்லவில்லையென்றால் அந்த டன் கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை.

பங்கு. திட்டச் செலவில் 40 சதவீதம்தான் பத்திரத்திலிருந்து வந்தது என்றால், பத்திரம் உரிமை கோரக்கூடியது 49,056 டன் மட்டுமே. மீதி பிற கடன்காரர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் உரியது. முழு எண்ணையும் எல்லோரும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மின் நிலையம் பசுமைப் பத்திரம் வெளியிடுகிறது, அதற்குக் கடன் தந்த வங்கியும் அந்தக் கடனைக் காட்டி வேறொரு பசுமைப் பத்திரம் வெளியிடுகிறது. டன் ஒன்றுதான், கணக்கில் இரண்டாக நிற்கிறது.

எதிர்பார்ப்பும் நடப்பும். கட்டும் முன்பு போட்ட மதிப்பீட்டை அப்படியே ஆண்டுதோறும் திருப்பி எழுதுவது. மின்மானியில் பதிவான உற்பத்தியை வைத்துக் கணக்கிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஆயுள் கணக்கு. 1,22,640ஐ 25 ஆண்டால் பெருக்கி 30 லட்சம் டன் என்று தலைப்புப் போடுவது. தகடுகளின் திறன் தேய்வதும் காரணி குறைவதும் அதில் காணாமல் போய்விடும்.

## முத்திரை சறுக்கிய இடங்கள்

பழைய செலவுக்குப் புதிய பத்திரம். ஜெர்மனியின் பசுமைப் பத்திரங்கள் முந்தைய ஆண்டின் பட்ஜெட் செலவுகளுக்கு ஈடாக எழுதப்படுகின்றன. 2020 பத்திரத்துக்கு எதிரே இருப்பவை 2019இல் செய்து முடித்த செலவுகள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, செலவு தெரிந்தது என்பதால் ஒதுக்கீடும் உடனே முடிகிறது. ஆனால் ‘இந்தப் பணத்தால் புதிதாக ஏதோ கட்டப்படும்’ என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்துபோவார். எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகலாம் என்பதைக் கட்டமைப்பு ஆவணம் வரையறுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்பது வழக்கம்.

இடது பை, வலது பை. ஒரு மின் நிறுவனம் காற்றாலையைத் தன் சொந்தப் பணத்தில் எப்படியும் கட்டியிருக்கும். பசுமைப் பத்திரம் கிடைத்ததால் அந்தச் சொந்தப் பணம் மிச்சமாகி எரிவாயு நிலையத்துக்குப் போகிறது. ஒதுக்கீட்டு அறிக்கை நூறு சதவீதம் சரியாக இருக்கும், ஊருக்குள் வரும் புகை குறைந்திருக்காது. முத்திரை இதைத் தடுக்காது, தடுக்கும் நோக்கத்தோடு வடிவமைக்கப்படவும் இல்லை. நிறுவனத்தின் மொத்த மூலதனச் செலவுத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதைத் தவிர இதற்கு வேறு சோதனை கிடையாது.

ரெப்சோல், 2017. ஸ்பெயினின் எண்ணெய் நிறுவனமான ரெப்சோல், சுத்திகரிப்பு ஆலைகளின் ஆற்றல் சிக்கனத்துக்கென்று 50 கோடி யூரோ பசுமைப் பத்திரம் வெளியிட்டது. உமிழ்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கனமான ஆலை இன்னும் பல ஆண்டு ஓடும், அதிலிருந்து வரும் எரிபொருளும் எரிக்கப்படும். பெரும் விவாதம் கிளம்பியது.

மெக்சிகோ நகர விமான நிலையம். புதிய விமான நிலையத்துக்காக 2016, 2017 ஆண்டுகளில் மொத்தம் 600 கோடி டாலருக்குப் பசுமைப் பத்திரங்கள் வெளியாயின. 2018 அக்டோபரில் நடந்த மக்கள் கருத்தறிதலுக்குப் பிறகு திட்டமே கைவிடப்பட்டது. பத்திரங்கள் கைவிடப்படவில்லை. அந்த டிசம்பரில் 180 கோடி டாலர் அளவுக்குத் திரும்ப வாங்கப்பட்டன. மீதிக்கு ஈடாகப் பழைய விமான நிலையத்தின் பயணிகள் கட்டணம் இருந்தது. பச்சைக் கட்டடம் இல்லாத பசுமைப் பத்திரம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கட்டடம் போனாலும் கடன் நிற்கும்.

தூய நிலக்கரி. சீனாவின் 2015ஆம் ஆண்டுப் பசுமைப் பத்திரத் திட்டப் பட்டியலில் நிலக்கரியைத் ‘தூய்மையாக’ப் பயன்படுத்துவதும் இருந்தது. 2021 பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. உள்ளூர் விதிப்படி பசுமை, வெளிநாட்டு நிதிகளின் விதிப்படி இல்லை என்ற நிலையில் பல பத்திரங்கள் அந்த இடைக்காலத்தில் கிடந்தன.

## யார் முத்திரை குத்துகிறார்கள்

இரண்டாம் தரப்புக் கருத்துதான் அதிகம் புழங்குவது. கட்டமைப்பு ஆவணம் கோட்பாடுகளுக்குப் பொருந்துகிறதா என்று ஓர் ஆய்வு நிறுவனம் கருத்துச் சொல்லும். சிசரோ ஒரு படி மேலே போய், கரும்பச்சை, நடுப்பச்சை, இளம்பச்சை என்று தரம் பிரித்தது. அதன் மதிப்பீட்டுப் பிரிவைக் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்டு பி 2022இல் வாங்கிவிட்டது. இங்கே இரண்டு பலவீனங்கள். கட்டணம் தருபவர் வெளியீட்டாளரே. கருத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் பத்திரம் வெளிவருமுன், அதாவது எண்ணத்தைப் பற்றி. செலவு நடந்த பிறகு அதே ஆள் திரும்ப வந்து பார்ப்பது கட்டாயமல்ல.

சான்றிதழ் இன்னொரு வகை. கிளைமேட் பாண்ட்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு துறைவாரியாக அளவுகோல்கள் வைத்து, அங்கீகரித்த சரிபார்ப்பாளர் பார்த்த பிறகு சான்று தருகிறது. வெளியீட்டுக்குப் பிந்தைய சரிபார்ப்பும் அதில் உண்டு.

2024 டிசம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஐரோப்பியப் பசுமைப் பத்திர’ ஒழுங்குமுறைதான் இதையெல்லாம் சட்டத்துக்குள் கொண்டுவந்த பெரிய முயற்சி. அந்தப் பெயரைப் பயன்படுத்துவது கட்டாயமில்லை. பயன்படுத்தினால் விதிகள் கட்டாயம். எந்தச் செயல் பசுமை என்று வரையறுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட செயல்களுக்கே திரட்டிய பணம் போக வேண்டும், 15 சதவீதம் வரை வரையறுக்கப்பட்ட தளர்வு உண்டு. வெளியீட்டுக்கு முன் தகவல் தாள், பிறகு ஆண்டுதோறும் ஒதுக்கீட்டு அறிக்கை, இரண்டுக்கும் வெளி மதிப்பீடு, அந்த மதிப்பீட்டாளர்கள் ஐரோப்பியச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவர்கள் என்று சங்கிலி நீள்கிறது. இத்தாலியின் ஏ2ஏ நிறுவனம் 2025 ஜனவரியில் இந்தப் பெயரில் முதலில் வந்தது. வகைப்பாட்டு விதிகளில் ஒவ்வொரு செயலும் பிற சுற்றுச்சூழல் நோக்கங்களுக்குக் கேடு செய்யவில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். பழைய முறையிலேயே இருந்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றுவது அந்தத் தரவு வேலையின் சுமையால்தான்.

## பெயர் ஒட்டிய, பொருள் ஒட்டாத உறவினர்கள்

சமூகப் பத்திரம், நீலப் பத்திரம் ஆகியவை இதே வார்ப்புதான், செலவு செய்யும் துறை மட்டும் வேறு. 2018இல் சீஷெல்ஸ் 1.5 கோடி டாலருக்குக் கடல்சார் திட்டங்களுக்காக வெளியிட்டது அரசுகளின் முதல் நீலப் பத்திரம். மாசு மிகுந்த தொழில்கள் படிப்படியாக மாறுவதற்கானது மாற்றப் பத்திரம். அரசுகளில் முதலில் ஜப்பான் 2024 பிப்ரவரியில் அதை வெளியிட்டது.

முற்றிலும் வேறான ஒன்று, ‘நிலைத்தன்மை இலக்குப் பத்திரம்’. இதில் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். நிறுவனம் மொத்தமாக ஓர் இலக்கை அடைய வேண்டும், தவறினால் கூப்பன் ஏறும். இத்தாலியின் எனல் நிறுவனம் 2019 செப்டம்பரில் 150 கோடி டாலருக்கு இதைத் தொடங்கிவைத்தது. 2021 முடிவுக்குள் நிறுவு திறனில் 55 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 25 புள்ளி கூடும் என்பது நிபந்தனை. அதை எட்டியது. ஆனால் பிந்தைய பத்திரங்களில், 2023இல் ஒரு யூனிட்டுக்கு 148 கிராம் உமிழ்வு என்ற இலக்கை விட்டுவிட்டது. வந்தது 160 கிராம். அந்தப் பத்திரங்களின் கூப்பன் 25 புள்ளி ஏறியது. பசுமைப் பத்திரத்தில் பணத்தின் போக்கு தெரியும், தவறினால் ஒப்பந்தத் தண்டனை இல்லை. இலக்குப் பத்திரத்தில் தண்டனை உண்டு, பணத்தின் போக்கு தெரியாது. இரண்டையும் சேர்த்த பத்திரங்களும் இருக்கின்றன, மிகக் குறைவாக.

## ஆவணத்தைக் கையிலெடுத்தால்

நேரம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. ஒதுக்கீட்டு அறிக்கையின் ‘ஒதுக்காத மீதி’ வரி. பத்திரம் வெளியாகி மூன்று ஆண்டான பிறகும் பெரிய தொகை நின்றால், திட்டம் இல்லாமலே கடன் வாங்கியிருக்கிறார்கள்.
2. புதிய செலவு எவ்வளவு சதவீதம், பழைய செலவை ஈடுகட்டியது எவ்வளவு சதவீதம். பிரித்துக் காட்டாத அறிக்கையில் பழையது அதிகம் என்றே கொள்ளலாம்.
3. விலக்குப் பட்டியல்.
4. வினைச்சொற்கள். ‘ஒதுக்கும்’ வேறு, ‘ஒதுக்க எண்ணியுள்ளது’ வேறு, ‘இயன்றவரை ஒதுக்கும்’ வேறு.
5. இரண்டாம் தரப்புக் கருத்தின் தேதி. கட்டமைப்பு ஆவணம் அதற்குப் பிறகு திருத்தப்பட்டிருந்தால் அந்தக் கருத்து பழைய பதிப்புக்கானது.
6. டன் கணக்குக்கு அடியில் உமிழ்வுக் காரணியும் பங்கும் எழுதியிருக்கிறதா என்பது.

செய்தித் தலைப்புகளில் வரும் மொத்த எண்ணுக்கும் இந்தப் பார்வை தேவைப்படுகிறது. 2021 முதல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 50,000 கோடி டாலரோ அதற்கு மேலோ பசுமைப் பத்திரங்கள் வெளியாகின்றன. காற்றாலையின் ஆயுள் 25, 30 ஆண்டு, பத்திரத்தின் ஆயுளோ பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. முதல் பத்திரம் முதிரும்போது அதை அடைக்க, அதே காற்றாலையைக் காட்டி இரண்டாவது பசுமைப் பத்திரம் வெளியாகிறது, பிறகு மூன்றாவது. விதிப்படி மூன்றும் சரி. அந்தந்த ஆண்டின் மொத்த எண்ணில் மூன்று முறையும் அது சேரும், ஆனால் கட்டப்பட்டது ஒரே காற்றாலை.